முகம் தெரியாத இடம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் பெனடிக்ட் கையை உயர்த்தினான். பிறகு அவன் குரல் ஹெட்போனுக்குள் வந்தது. "மேடம், அப்படியே இருங்க. வெளிய ரோட்ட அறுக்கறாங்க, மைக்ல ஏறுது. மெஷின் நின்னதும் எடுத்துடலாம்." வசுமதி சரியென்று தலையை ஆட்டினாள். இருக்கச் சொன்னால் இருப்பதுதான் டப்பிங் பிழைப்பில் பாதி. மீதிப் பாதி, பேசு என்றால் பேசுவது. இடையில் சொந்தமாக எதுவும் செய்வதற்கு இடமில்லை. ரெக்கார்டிங் அறையில் ஏசியை நிறுத்தியிருந்தார்கள். கழுத்தடியில் வியர்வை கிளம்பி முதுகுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கத் துணி ஒட்டிய அந்தச் சின்ன அறைக்குள் வெளியுலகத்துச் சத்தம் எதுவும் வராது. ஆனால் சாலிகிராமத்தில் எங்கோ ஒரு தெருவில் தார் அறுபடுகிற அதிர்வு மட்டும் தரை வழியாக ஏறி அவளுடைய வலது முழங்காலில் வந்து நின்றது. மற்ற எல்லோருக்கும் தப்பி அவள் முழங்காலை மட்டும் தேடி வந்தது போல. எதிரே திரையில் படம் உறைந்து நின்றது. பனி மூடிய ஒற்றையடிப் பாதை, அதில் நடந்து போகும் இரண்டு பேரின் முதுகுகள். ஆணின் முதுகில் ஒரு மரப்பெட்டி. பெண்ணின் முதுகில் எதுவும் இல்லை, இருந்த சிறகும் போய்விட்டது. கடைசி எபிசோட், கடைசிக் காட்சி. இதை முடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் செருப்பு வைக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கணவர் தாமோதரனின் நீலப் பெட்டி நிற்கும், அல்லது நிற்காது. காலையில் கிளம்பும்போது நின்றது. அதைத் தாண்டித்தான் அவள் செருப்பை எடுத்தாள். அவர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் வாசல் கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

நேற்று யாழினி ஹைதராபாத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். "அம்மா, அப்பா நாளைக்கு சாயங்கால ட்ரெயின்ல கோயம்புத்தூர் போறாராம். பெரியப்பா வீட்டு மாடி காலியா இருக்காம். எப்ப வருவீங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. நீ கேளும்மா. ஒரே வீட்லதானே இருக்கீங்க?" ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். மகள் படிப்புக்காக வெளியூர் போகும்வரை, அப்பாவிடம் சொல்லு, அம்மாவிடம் கேளு என்று பேச்சு அவள் தலை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனதும் அந்த வழியும் அடைபட்டது. சாப்பாடு மேஜையில் இருக்கும், அவர் சாப்பிடுவார். கேஸ் தீர்ந்தால் புது சிலிண்டர் வரும், யார் சொன்னார்கள் என்று இருவருக்கும் தெரியும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சண்டையும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் நடுவில் இரண்டு வார்த்தையாவது பேசியிருப்பார்கள். ஊருக்கெல்லாம் பேசிக் கொடுத்துச் சம்பாதிக்கிற இரண்டு வாய்கள் வீட்டுக்குள் வந்ததும் பூட்டிக்கொள்கின்றன என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். வசுமதிக்குத்தான் சிரிப்பு வரவில்லை, நேற்று இரவு முழுக்க விழித்தே கிடந்தாள். எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டி என்ன சொல்வது? போகாதீங்க என்பதா? அந்த ஒரு வார்த்தையை எத்தனை கதாநாயகிகளுக்காக எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறாள். அழுதுகொண்டு, கத்திக்கொண்டு, ரயிலோடு ஓடிக்கொண்டு. எல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது, யாரோ ஒருத்தியின் உதட்டுக்கு ஒட்டியது. அவளுடைய உதட்டுக்கு ஒட்டுகிற மாதிரி யாரும் எழுதித் தரவில்லை.

முதல் நாள் இந்தக் கதையை நஸ்ரின் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது ஞாபகம் வந்தது. நஸ்ரின்தான் தமிழ் வசனம் எழுதுகிறவள், சின்னப் பெண், பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாள். பழங்காலத்து ஜப்பான் மேடம், என்று ஆரம்பித்தாள். கெந்தோ என்று ஒருத்தன், ஊசி விற்கிறவன், பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடக்கிறான். பறக்க முடியாமல் போன ஒரு நாரை, ஷிரா என்று பெயர், பெண் உருவத்தில் அவனோடு சேர்ந்துகொள்கிறது. வடக்கே ஒரு சதுப்பு நிலம், அங்கே போய்ச் சேர்ந்தால் சிறகு திரும்பிவிடும். "அப்புறம்?" என்றாள் வசுமதி. "பேசிக்கிட்டே நடக்கறாங்க." "சண்டை எப்ப வரும்?" "ஊசி விலையப் பத்தி ஒரு தடவ வரும் மேடம்." "வில்லன்?" "இல்ல." "கத்தறது, அழறது?" "இல்லவே இல்ல. பேச்சுதான். அதுக்குதான் உங்களையும் சாரையும் கேட்டோம்." கார்ட்டூனுக்குக் கத்திக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டவளுக்கு அது ஒரு விடுமுறை மாதிரி தோன்றியது. தலையும் இல்லாத வாலும் இல்லாத கதை, இதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றும் தோன்றியது. பார்த்தார்கள். காலேஜ் பிள்ளைகள், ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை செய்கிற பெண்கள். படத்தைப் பார்க்கக்கூட வேண்டாம், காதில் போட்டுக்கொண்டால் போதும், இரண்டு பேர் பக்கத்தில் நடந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று எழுதுகிறார்களாம். நஸ்ரின் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள், "வீட்லயும் நீங்க ரெண்டு பேரும் இப்படித்தான் பேசிப்பீங்களா மேடம்?" வசுமதி அவளைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். அது தொழில், வரும்.

பக்கத்தில் நடந்து வருகிற மாதிரி. உண்மையில் பக்கத்தில் யாரும் வருவதில்லை. டப்பிங்கில் இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்திப் பேச வைக்கிற காலம் எப்போதோ போய்விட்டது. அவர் ஒரு நாள் வந்து கெந்தோவைப் பேசிவிட்டுப் போவார். வேறொரு நாள் இவள் வந்து, இடது காதில் அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டு ஷிராவைப் பேசுவாள். வீட்டில் பேசாத மனிதர் இங்கே காதுக்குள் வந்து மணிக்கணக்காகப் பேசினார். பனியில் ஏன் செருப்பைக் கழற்றினாய் என்று கடிந்துகொண்டார். மீனை வாட்டும்போது வாலைக் கருக்கிவிட்டேன், வாலை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். உன் கழுத்து நீளம்தான், அதற்காக எல்லோர் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்காதே என்று கிண்டல் செய்தார். அவளும் விடுவதில்லை. உன் ஊசிக்குக் கூர் இல்லை, அதனால்தான் உன்னால் யாரையும் குத்திப் பேச முடியவில்லை என்றாள். முதல் சில நாட்கள் அதை வேலையாகச் செய்தாள். பிறகு ஒரு நாள், அவர் பேசி முடித்த இடத்துக்கும் அவள் ஆரம்பிக்க வேண்டிய இடத்துக்கும் நடுவில், வாயைத் திறக்காமல் சும்மா கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள். பெனடிக்ட் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. அந்தக் கதை ஏன் ஆளைப் பிடித்து வைக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. அந்த இரண்டு பேரும் ஒரு தடவைகூட ஆசையைப் பற்றிப் பேசுவதில்லை. அரிசி விலை, பாலம் உடைந்தது, நாளைக்கு மழை வருமா, இதைத்தான் பேசுகிறார்கள். குறுக்கு வழி இருக்கிறது என்று தெரிந்தும் சுற்று வழியில் போவதற்கு ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள். போய்ச் சேர்ந்துவிட்டால் அவள் பறந்துவிடுவாள். அதை இருவரும் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்குக்கூட எவ்வளவு பேச வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை கண்ணில் வந்தது, மூடி வைத்த பாத்திரங்கள், ஒற்றைத் தட்டு. அன்று வீட்டுக்குப் போய் எதையாவது பேசிவிட வேண்டும், மழை வருமா என்றாவது கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனாள். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில்.

அதிர்வு நின்றது போல இருந்தது. இல்லை, மறுபடி ஆரம்பித்தது. முழங்காலை ஒரு முறை மடக்கி நீட்டினாள், உள்ளே எதுவோ உரசியது. நின்றுகொண்டேதான் பேச வேண்டும், உட்கார்ந்தால் குரல் வயிற்றிலிருந்து வராது, இதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். மூச்சை எங்கே வைப்பது, தண்ணீரை எப்போது குடிப்பது, எல்லாம். தொண்டைக்கு ஓய்வு என்கிற பழக்கத்தையும் அவர்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தார். நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்தால் ராத்திரி ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாயில் அதிமதுரத்தை ஒதுக்கிக்கொண்டு சைகையிலேயே எல்லாம். கல்யாணமான புதிதில் அது ஒரு விளையாட்டாக இருந்தது. உப்பு வேண்டும் என்பதை அவர் புருவத்தால் சொல்வார், அவள் வேண்டுமென்றே சர்க்கரை டப்பாவை நீட்டுவாள். யாழினி குழந்தையாக இருந்தபோது அதுவும் சைகையில் பசி என்று காட்டும். அப்படிப்பட்ட வீட்டில் எது ஓய்வு, எது கோபம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வேறு மொழியிலிருந்து வந்த ஒரு நடிகருக்கு அவர்தான் பல வருஷமாகக் குரல். அந்த நடிகர் தமிழ் கற்றுக்கொண்டு இனி நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்ட அன்று, தாமோதரன் வந்து சமையலறை வாசலில் நின்றார். "வசு, ஒண்ணு சொல்லணும்" என்றார். அவள் அன்று பத்துப் பேய்களுக்குக் கத்திவிட்டு வந்திருந்தாள், வாயில் வெந்நீர். கொஞ்சம் இருங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினாள். அவர் இருந்தார். வெந்நீரைத் துப்பிவிட்டு வந்தபோது அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, எனக்கும் ஓய்வு என்று சைகை செய்துவிட்டுப் போய்விட்டார். விஷயத்தை மறுநாள் அவள் ஸ்டூடியோவில் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள். அவர் சொல்லாததற்கு அவளுக்குக் கோபம், அவள் கேட்காததற்கு அவருக்குக் கோபம், இரண்டு பேரிடமும் கைவசம் ஒரு நல்ல காரணம் இருந்தது, தொண்டை. அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் ஏன் நினைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். நினைக்க வேண்டியதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறாள். மெஷின் சத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒத்திகைக்காக பெனடிக்ட் இந்தக் காட்சியை ஒரு தடவை ஓட்டிக் காட்டினான். பனிப்பாதை. இரண்டு முதுகுகள். தூரத்தில் சதுப்பு நிலம், நாரைகள் கூப்பிடுகிற சத்தம். அவள் கையிலிருந்த பேப்பரில் இந்த இடத்தில் எதுவும் இல்லை, நடக்கிறார்கள் என்று மட்டும் போட்டிருந்தது. அப்புறம் கெந்தோ, வந்துடுச்சு, போ என்பான். ஷிரா சதுப்பு நிலத்தைப் பார்ப்பாள், தன் கூட்டத்தைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு, இது அந்த எடம் இல்ல, நாம வழி தப்பிட்டோம் என்பாள். அதோடு கதை முடிகிறது. ஆனால் நடக்கிறார்கள் என்று போட்டிருந்த இடத்தில், முதுகுகள் மட்டும் தெரிகிற இடத்தில், அவள் இடது காதில் தாமோதரனின் குரல் கேட்டது. "கால் வலிக்குதா?" அவ்வளவுதான். பேப்பரில் இல்லாத வார்த்தை. டப்பிங்கில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முகம் தெரிகிற இடத்தில் உதடு என்ன சொல்கிறதோ அதற்குள் அடங்கித்தான் பேச வேண்டும், முகம் திரும்பிவிட்டால் அங்கே எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஒரு முனகல், ஒரு சிரிப்பு, ஒரு வார்த்தை. அந்த இடத்தில் அவர் இதை வைத்திருக்கிறார். போன வாரம் இதே மைக்குக்கு முன்னால் நின்று, இந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு. கெந்தோவின் குரலில்கூட இல்லை அது, கெந்தோ கொஞ்சம் மூக்கால் பேசுவான். இது வீட்டுக் குரல். கல்யாணமான புதிதில் பஸ் கிடைக்காமல் வடபழனியிலிருந்து நடந்து வந்தபோது கேட்ட குரல். கால் வலி பற்றி அவள் அவரிடம் சொன்னதே இல்லை. மாடிப்படி ஏறும்போது முகத்தைச் சுளிக்காமல் ஏறுவாள். அவர் படுத்த பிறகுதான் தைலம் தேய்த்துக்கொள்வாள். குப்பி ஜன்னல் மேடையில் இருக்கும். அப்படியிருக்க அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்திருக்கிறார். பேசாத மனிதர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நெஞ்சுக்குள் என்னவோ குபுக்கென்று பொங்கியது, ஐம்பதை எட்டப் போகிற வயதில் இதெல்லாம் என்ன கூத்து என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். உடனே பயமும் வந்தது. ஊருக்குப் போகிறவர் ஏன் இதைக் கேட்டுவிட்டுப் போகிறார்? கடைசியாக ஒரு தடவை கேட்டுவைப்போம் என்றா? இல்லை, கேட்டால் பதில் வருகிறதா பார்ப்போம் என்றா? பதிலை அவர் எங்கே கேட்பார்? அவர் பங்கு ரெக்கார்டிங் முடிந்துவிட்டது, இந்தப் பக்கம் இனி வரமாட்டார், டிவியில் வரும்போது கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டு மாடியில் இருப்பார். அந்த வீட்டில் டிவி இருக்கிறதா? அண்ணி சீரியலை விட்டுக் கொடுப்பாளா? மூளை எங்கெல்லாம் போகிறது பார். கால் வலிக்குதா. கால் வலிக்குதா. அந்த இரண்டு வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்த்தாள், அதிமதுரம் போல இனித்து அடியில் லேசாகக் கசந்தது.

கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. எதற்குக் கேட்க வேண்டும், பேசாமல் வைத்துக்கொள் என்றும் தோன்றியது. கேட்டாள். "நஸ்ரின், அந்தப் பின்பக்கக் காட்சியில ஒரு லைன் வருதே, கால் வலிக்குதான்னு. என் பேப்பர்ல இல்லையே. சார் அவரா போட்டதா?" குரல் சாதாரணமாகத்தான் வந்தது, வேலை விஷயம் கேட்கிற மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் மைக்குக்குக் குனிந்தாள். "இல்ல மேடம், நான் சேத்தது. உங்க பேப்பர் அதுக்கு முன்னாடியே பிரிண்ட் ஆயிடுச்சு, சாரி. அந்த எடத்துல ரொம்ப நேரம் யாருமே பேசாம போறாங்க, சேனல்ல ஒத்துக்க மாட்டாங்க. முகம் தெரியலதானே, அதான் ஏதாச்சும் ஒண்ணு வைக்கலாம்னு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அன்னிக்கு நீங்க படியேறி வந்தப்ப கால அழுத்திப் புடிச்சுக்கிட்டு நின்னீங்கல்ல மேடம், அதப் பாத்துட்டுதான் எழுதினேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "சேச்சே, நல்லாருக்கு" என்றாள் வசுமதி. "ரொம்ப நல்லாருக்கும்மா." முகத்தைக் கண்ணாடிப் பக்கமிருந்து திருப்பி, பேப்பரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

நன்றாக வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தை யாரோ பேசினால் அதைத் தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டு அழுகிற ரசிகர்களைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருக்கிறாள். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு, வசனம் என்பது என்ன என்று தெரிந்துகொண்டு, கடைசியில் அவளே போய் விழுந்தாள். அவர் பேப்பரைப் பார்த்தார், படித்தார், பேசினார். மீன் வால் கருகிவிட்டது என்றும் அப்படித்தான் பேசினார். அதில் ஏதாவது அர்த்தம் தேடினாளா? கால் வலியைப் பார்த்தவள் இந்தப் பெண், போன மாசம் வரை முகம் தெரியாத பெண். பக்கத்து அறையில் படுத்திருக்கிறவர் இல்லை. இதுதான் நிஜம், இதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ. பெட்டி இல்லையென்றால் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கும், குடையை வைக்கலாம். கண்ணில் நீர் கட்டியது. மூக்கை உறிஞ்சினால் மைக் பிடித்துக்கொள்ளும், அதனால் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். அழுகைக்குக்கூட இங்கே முறை இருக்கிறது. அவரும் இங்கேதான் நின்றார், இதே கறுப்பு மிதியடி மேல், இதே வெளிச்சத்தில். எப்படி நின்றிருப்பார்? இப்போதெல்லாம் அவருக்கு வேலை குறைவு, பேப்பரைத் தூரத்தில் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கும், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று சட்டைப் பையைத் தடவுவார். ஒன்று சொல்ல வேண்டும் என்று சமையலறை வாசலில் நின்ற முகம் வந்தது. என்ன சொல்ல வந்தார்? வேலை போன விஷயம், அது தெரியும். அதைச் சொல்ல எந்த வார்த்தையில் ஆரம்பித்திருப்பார் என்பது மட்டும் அவளுக்கு இனித் தெரியவே போவதில்லை என்று நினைத்தபோது, அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

அதிர்வு நின்றது. இந்தத் தடவை நிஜமாகவே நின்றது, முழங்காலுக்குள் ஒரு அமைதி வந்தது. "மேடம், நின்னுடுச்சு. மறுபடி ஸ்டார்ட் பண்றதுக்குள்ள எடுத்துடலாம், கொஞ்சம் முன்னாடியிருந்து போறேன்" என்றான் பெனடிக்ட். திரையில் முதுகுகள் நகர்ந்தன. பனி நொறுங்குகிற சத்தம். இடது காதில் அவர் குரல், "கால் வலிக்குதா?" இனி சிறிது நேரம் காலடிச் சத்தம், அப்புறம் வந்துடுச்சு, போ. ஆனால் காலடிச் சத்தம் நின்றுபோனது. படம் ஓடியது, காதில் மட்டும் வேறு ஏதோ. ஒரு பேப்பர் சரசரப்பு. யாரோ கனைத்தார்கள். "பெனடிக்ட்" என்றார் தாமோதரன், காதுக்குள், கெந்தோவாக இல்லாமல். தூரத்திலிருந்து வருகிற மாதிரி பெனடிக்டின் குரல், சார்? "வசு இதுக்கு என்ன சொல்றா?" "மேடத்துக்கு இங்க டயலாக் இல்ல சார். சும்மா நடக்கறாங்க, அவ்வளவுதான்." அப்புறம் எதுவும் இல்லை. மூச்சு மட்டும். மூச்சை எங்கே வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனிதர் அதை எங்கேயோ தவறவிட்டுத் தேடுகிற சத்தம். "அப்ப கொஞ்சம் எடம் விட்டு வைங்க" என்றார். "அவளுக்கு நிஜமாவே வலிக்குது. சொன்னாலும் சொல்லுவா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெனடிக்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ சாரி மேடம், சார் அன்னிக்குப் பேசினதோட வெட்டாத டேக் அது, தப்பா போட்டுட்டேன். ஒரு நிமிஷம்." அவள் கையை உயர்த்தினாள், இரு என்று, அதே உள்ளங்கை. ஜன்னல் மேடையில் தைலக் குப்பி. அதன் மூடி எப்போதும் இறுகிக்கொள்ளும், எண்ணெய்க் கையால் திருகினால் வழுக்கும். கொஞ்ச காலமாக அது திறந்த மாதிரியே இருக்கிறது, தொட்டால் சுழல்கிறது. வேலைக்கு வருகிற பெண் சரியாக மூடுவதில்லை என்று ஒரு நாள் அவளைக் கடிந்துகொண்டாள். அந்தப் பெண், நான் அந்தப் பக்கமே போறதில்லக்கா என்றாள். வசுமதி அன்று நம்பவில்லை. வாயை ஒரு முறை ஈரப்படுத்திக்கொண்டாள். "பெனடிக்ட், அதையே மறுபடி போடுங்க. அந்தக் கேள்விலேருந்து." முதுகுகள் நடந்தன. கால் வலிக்குதா என்று குரல் கேட்டது, யார் எழுதியதாக இருந்தால் என்ன. விட்டு வைத்த இடம் வந்தது. எதுவும் எழுதாத, யார் உதடும் தெரியாத, சும்மா பனி மட்டும் இருக்கிற இடம். "வலிக்குது" என்றாள் வசுமதி. அப்புறம் காலடிச் சத்தம். அப்புறம் அவர், வந்துடுச்சு, போ. அப்புறம் அவள், பேப்பரில் இருந்தபடியே, "இது அந்த எடம் இல்ல. நாம வழி தப்பிட்டோம்." நாரைகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன, படம் வெள்ளையாகி நின்றது. பிறகு நஸ்ரின் மெதுவாகச் சொன்னாள். "மேடம், அந்த வலிக்குது ரொம்ப நல்லாருக்கு. ஆனா ஷிரா மாதிரி இல்ல, வேற யாரோ மாதிரி இருக்கு. இன்னொன்னு எடுத்துக்கலாமா?" "முடியாதும்மா" என்றாள் வசுமதி. "வேணும்னா அத வெட்டிடுங்க. இன்னொன்னு வராது."

போன் ரெக்கார்டிங் அறைக்கு வெளியே, அவள் கைப்பையில் இருந்தது. உள்ளே கொண்டுவரக் கூடாது. ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு, கனமான கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவின் வெளிச்சத்தில் கண் கூசியது. தெருவில் தார் அறுக்கிறவர்கள் மெஷினைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்தாள், அவர் பெயரைத் தேடிப் பட்டியலில் கீழே, இன்னும் கீழே போக வேண்டியிருந்தது. கூப்பிட்டு அவ்வளவு நாள் ஆகியிருந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கிளம்பியிருப்பார். ஆட்டோவில் இருப்பார், சத்தத்தில் கேட்காது. பெட்டியை ஒரு கையிலும் டிக்கெட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சென்ட்ரலில் நடைமேடையைத் தேடிக்கொண்டிருப்பார். பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமலும் இருக்கலாம், அதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. எடுத்தார். ஹலோ இல்லை, எதுவும் இல்லை, மூச்சு மட்டும். அந்த மூச்சுக்குப் பின்னால் எந்தச் சத்தம் இருக்கிறது, வீடா, தெருவா, ஸ்டேஷனா என்று அவள் காது தானாகத் தேடியது. தெரியவில்லை. எழுதிக் கொடுக்க யாரும் இல்லை, ஓட்டிக் காட்ட எந்தப் படமும் இல்லை. "கால் வலிக்குதுங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு கரகரப்பு என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. "படி எறங்க முடியும்னு தோணல. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" அந்தப் பக்கம் ஏதோ கனமான பொருளைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. இந்த ஸ்டூடியோவுக்கு எத்தனையோ வருஷமாக வந்து போகிறவர் அவர், எந்தப் படியில் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்பதுவரை தெரியும். இன்றைக்கு அவளுக்கு இங்கேதான் வேலை என்பதும் தெரியும். தாமோதரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நீ எங்க இருக்க?" என்று கேட்டார்.